சாம்பலுக்குக் கீழே கிடந்த முனை

திங்கட்கிழமை காலை எங்கள் ரயில் வயல் நடுவே நின்றது. ஜெர்மனியின் ஹம் நிலையத்தை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நவம்பர் மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நிதானமாக எதையோ அறிவித்தது. மதுரையில் ஆறு மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போனவள் நான். அப்படியும் ‘விலங்கு’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.

“மான்,” என்றார் எதிர் இருக்கைப் பெரியவர். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாக, பிரித்துப் பிரித்துச் சொன்னார். “முன்னால் போன வண்டியில் அடிபட்டிருக்கிறது. இந்தப் பகுதியின் வேட்டைக்காரர் வந்து எடுத்துப் போகவேண்டும். அதுவரை இப்படித்தான்.”

நம் ஊரில் வண்டி இப்படி நின்றால் பாதிப் பேர் தண்டவாளத்தில் இறங்கி ஓட்டுநரைத் திட்டியிருப்பார்கள். ஐந்தாவது நிமிடம் எங்கிருந்தாவது ஒருவர் சுண்டல் வாளியோடு வந்திருப்பார். இங்கே யாரும் அசையவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவே பெரிய கலகம்.

பனி சற்று விலகியபோது வயலோரத்தில் நான்கு மரக்கால்கள் தெரிந்தன. மேலே ஒரு சின்ன மரக்கூடு, கூரை, ஏணி, கறுப்பாக ஒரு சதுர ஓட்டை. கழிப்பறையைத் தூக்கிக் கால்மேல் நிறுத்தியதுபோல இருந்தது.

“வேட்டைக்காரர் உட்காரும் கூடு,” என்றார் பெரியவர்.

“இப்போது உள்ளே யாராவது இருக்கிறார்களா?”

“இருந்தால் உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தானே கட்டியது.”

அந்த ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ரயில் கிளம்பும்வரை அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எங்கே போகிறேன் என்று கேட்டார். பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகத்தின் சேமிப்புக்கிடங்கு இருக்கிறது, அங்கே அம்புமுனைகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அந்தக் குளியல் கூடமா? என் கால்சட்டை அங்கேதான் தொங்கியது!”

சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்கு இறங்கும்முன் உடுப்பைக் கழற்றி ஒரு கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைவரை ஏற்றிப் பூட்டிவிட்டுப் போவார்களாம். மேலே நூற்றுக்கணக்கான சட்டைகளும் கால்சட்டைகளும் ஆளில்லாமல் தொங்கும். மாலையில் ஏறி வந்தவன் குளித்துவிட்டுத் தன்னுடையதை இறக்கிக்கொள்வான்.

“எவனாவது ஏறி வரவில்லையென்றால் யாரும் சொல்லத் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும். ஒன்று மட்டும் இறங்காமல் தொங்கும்.” பிறகு சிரித்துக்கொண்டே, “கொக்கிகள் இன்னும் இருக்கின்றன என்கிறார்கள். நீங்கள் கல்லைப் பாருங்கள், கூரையைப் பார்க்காதீர்கள்,” என்றார்.

நான் யார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்தில் கறிக்கடை வைத்திருப்பவரின் மகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். கல்லூரிப் படி, ஆய்வுப் படி எல்லாவற்றிலும் நான்தான் முதல். அப்பாவுக்குக் கையெழுத்து வராது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எலும்பைத் தடவிப் பார்த்து அது ஆட்டின் எந்த இடம், ஆட்டுக்கு என்ன வயது என்று சொல்வார். அந்த வித்தையில் பாதி எனக்கும் உண்டு. இரண்டு படிப்பும் படித்தவள் என்று நான் எங்கும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். இந்தக் கட்டுரையில் அந்தப் பெருமை கொஞ்சம் அடிவாங்கும்.

என் ஆய்வு வடஅமெரிக்காவின் யூக்கான் பகுதியில் வில் எப்போது வந்தது என்பது பற்றியது. குளிரும் காடும் மட்டுமே உள்ள நிலம். அங்கே மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகள் எறியீட்டியால்தான் கரிபூ மானை வேட்டையாடினார்கள். முழங்கை நீளத்தில் ஒரு பலகை, அதன் நுனியில் ஒரு கொக்கி. ஆள் உயரத்தைவிட நீளமான ஈட்டியை அதில் பொருத்தி, எழுந்து நின்று, கையை முழுதாக வீசி எறியவேண்டும். அந்த வீச்சை மான் பார்த்துவிடும். பார்த்து ஓட அதற்கு ஒரு கணம் கிடைக்கும். பிறகு, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன், எறியீட்டி மறைந்து வில் வந்தது. வில்லுக்கு எழவேண்டாம், வீசவேண்டாம். புதருக்குள் மண்டியிட்டபடி, மூச்சைப் பிடித்தபடி எய்யலாம். இரைக்கு அந்த ஒரு கணமும் போயிற்று.

அதே காலத்தில் அங்கே ஓர் எரிமலை வெடித்து, நிலமெங்கும் வெள்ளைச் சாம்பல் படிந்தது. இன்றும் மண்ணை வெட்டினால் அந்தச் சாம்பல் ஒரு கோடாகத் தெரியும். கோட்டுக்குக் கீழே எறியீட்டிக் காலம், மேலே வில் காலம் என்பது பொதுவான கணக்கு. ஈட்டிமுனையின் கழுத்து, அதாவது தண்டோடு சேர்த்துக் கட்டும் இடம், அகலமாக இருக்கும். அம்புமுனைக்கு அது ஒடுங்கியிருக்கும். நூறு வருடத்துக்கும் முன்பு ஒரு ஜெர்மானியப் பயணி அங்கிருந்து கொண்டுவந்த பெட்டிகளில், ஒடுங்கிய கழுத்துள்ள சின்ன முனை ஒன்று எலும்பில் குத்தியபடி இருந்தது. ‘கரிபூ முதுகெலும்பு. சாம்பலுக்குக் கீழே’ என்று அவரே சீட்டு எழுதி வைத்திருந்தார். அது அம்புதான் என்று நிறுவிவிட்டால், சாம்பலுக்கு முன்பே வில் இருந்தது என்றாகிவிடும். என் ஆய்வேட்டின் முதல் படமே அந்த முனைதான். அதை நேரில் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நான்கு நாள் அனுமதி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து நகர ஆய்வுக்கூடத்தில், எலும்புக்குள் புதைந்த பாதியும் தெரியும்படி, அதை ஊடுகதிர்ப் படம் எடுக்க நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

கிடங்கின் பொறுப்பாளர் லோமன் அம்மையார். அறுபதை நெருங்கும் வயது, நரைத்த குட்டை முடி, சத்தம் வராத காலணி. நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். “விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும்,” என்றார். “அசைவு இருந்தால்தான் எரியும். நீங்கள் அசையாமல் வேலை செய்தால் அணைந்துவிடும். கையை ஆட்டுங்கள், வந்துவிடும்.”

கூடம் கல்யாண மண்டபம்போல உயரம். இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நின்றன. கூரையைப் பார்க்கவேண்டாம் என்று பெரியவர் சொன்னதால் முதலில் அதைத்தான் பார்த்தேன். கொக்கிகள், கொத்துக் கொத்தாக. ஏதோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று வந்து சங்கிலிகளைத் தொட்டுவிட்டுப் போனது.

அன்று முழுவதும் அளந்தேன். கழுத்து அகலம், நீளம், கனம், எடை. உட்கார்ந்து கண்ணைக் குவித்து அளக்கும்போது விளக்கு அணையும். கையை வீசுவேன், எரியும். நாலாவது முறை வீசும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அசைந்தால் வெளிச்சம், அசையாவிட்டால் இருட்டு. எறியீட்டிக்கும் வில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த விளக்கே சொல்லிக்கொடுத்துவிடும். மாலை மூன்று மணி சுமாருக்கு, நான் இருட்டில் அசையாமல் இருந்தபோது, கூடத்தின் மறுகோடியில் ஒரு விளக்கு தானாக எரிந்தது. அங்கே யாருமில்லை. சற்று நேரத்தில் அணைந்தது. சங்கிலி ஆடியிருக்கும்.

எலும்பில் குத்திய முனையை அன்றே அளந்துவிட்டேன். கல்லின் கழுத்து நான் எதிர்பார்த்த மாதிரியே ஒடுங்கியிருந்தது. சந்தோஷத்தில் குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டேன். எலும்பைப் பார்க்கவே இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இப்படித்தான். கல் என்றால் கல்லைத்தான் பார்ப்போம். நூறு வருடமாக வந்து போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். கறிக்கடைக்காரர் மகளும் அதில் சேர்ந்துகொண்டாள்.

நான் தங்கியது ஹம் நகரில் யோகா அக்கா வீட்டு மேல்மாடி அறையில். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. கணவர் சுவிட்சர்லாந்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்ததுமே, “வாரும் பிள்ளை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உடனை சாப்பிடும், ஆறுது,” என்றார். இடியப்பமும் சொதியும். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்றேன். “இனிப்போடயோ? ஐயோ, பிறகு அதுக்குப் பேர் சாப்பாடோ?” என்று என் தட்டில் இன்னும் இரண்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை உருப்பெருக்கிக் கருவியில் வைத்துப் படமெடுக்கும் வேலை. கல்லின் கழுத்தில் மயிரிழைபோல மரநார் ஒட்டியிருந்தது, தண்டின் மிச்சம். நார் வளைந்திருந்த விதத்தைப் பார்த்தால் தண்டு மிக மெல்லியது. அம்பேதான்! மூச்சை அடக்கி, முதல் படத்துக்கு வெளிச்சம் சரியாக விழ, பொருளை மெல்லத் திருப்பினேன். அப்போதுதான் எலும்பின் அடிப்பக்கம் என் பக்கம் திரும்பியது.

விளக்கு அணைந்தது. நான் கையை ஆட்டவில்லை. இருட்டில், கையுறைக்குள்ளிருந்து, விரலால் அதன் ஓரத்தைத் தடவினேன். நாலுகால் பிராணியின் முதுகுக்கண்ணி நீளமாக, நூல் சுற்றும் உருளைபோல இருக்கும். இது குட்டையாக, அகலமாக, ஓரத்தில் விரலால் அழுத்திய இட்லிபோல இருந்தது. மேலிருந்து பாரம் இறங்கும் எலும்பு. தலையை உச்சியில் வைத்துக்கொண்டு நடந்த ஒன்றின் எலும்பு.

மணி பதினொன்றரை. லோமன் அம்மையார் பத்தடி தள்ளி ஒரு பெட்டிக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். நான் பொருளைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை ஆட்டினேன். விளக்கு வந்தது. ‘கரடியாக இருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பதை மறைக்கப்போவதில்லை. மனித எலும்பு என்று தெரிந்துவிட்டால் இங்கே அன்றே பெட்டி மூடப்படும். அந்த மண்ணின் வழிவந்த மக்களுக்குக் கடிதம் போகும். அவர்கள் சரி என்று சொல்லாமல் யாரும் தொடமுடியாது. அந்த விதி நல்ல விதி என்று நானே ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். ஆனால் வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அந்தப் படம் கிடைத்துவிட்டால் என் ஆய்வேடு நிற்கும். அது மட்டுமல்ல. சாம்பலுக்கு முந்திய முதல் அம்பு மனிதன்மேல் எய்தது என்றால், வில் அந்த நாட்டுக்கு மானுக்காக வந்ததா, மனிதனுக்காக வந்ததா? எந்த ஆய்வாளரையும் தூங்கவிடாத கேள்வி அது. கேள்வி என் கையில் இருந்தது. நான் செய்யவேண்டியதெல்லாம் அசையாமல் இருப்பது.

அன்று மாலை யோகா அக்கா ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தார். இரண்டாவது கவளத்தில் ஒரு முதுகுத்துண்டு வந்தது. அதைத் தட்டோரத்தில் நிறுத்தி வைத்தேன். நீளமாக, உருளையாக, எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த எலும்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“என்ன பிள்ளை, எலும்போட கதைக்கிறீரோ? அது மறுமொழி சொல்லுதோ?”

“இல்லக்கா, சும்மா பாத்தேன்.”

“இறைச்சி அவியேல்லையோ?”

“நல்லா வெந்திருக்குக்கா. எங்கப்பாவே குறை சொல்ல மாட்டாரு.”

மேலே போய் அந்த இன்னோர் எலும்பை நினைவிலிருந்து பேனாவால் வரைந்து அப்பாவுக்கு அனுப்பினேன். ‘இது என்ன எலும்புப்பா?’ என்று குரல்பதிவில் கேட்டேன்.

புதன்கிழமை காலை ரயிலில் பதில் வந்தது. பின்னணியில் கத்தி தீட்டும் சத்தம். “ஆட்டு எலும்பு இல்ல தாயி. மாடும் இல்ல, பன்னியும் இல்ல. கரடி எலும்ப நான் பாத்தது இல்ல. ஆனா இது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியுது.” சற்று நேரம் கத்திச் சத்தம் நின்றது. “என் இடுப்பத் தொட்டுப் பாத்தேன். நீ எங்க வேல செய்யுற? கையக் கழுவிட்டுச் சாப்பிடு.”

அந்தக் குரலை மூன்று முறை கேட்டேன். பனிக்குள் வேட்டைக் கூடு வந்தது, போனது. கிடங்குக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டு, மரநாரை மறுபடி படமெடுத்தேன். அன்று மட்டும் இருநூறு படங்கள். எலும்பு படத்தில் விழாதபடி கல்லைச் சுற்றிக் கறுப்புத் துணி வைத்தேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அத்தியாயத் தலைப்புகூட எழுதினேன்: ‘வில் முதலில் குறிபார்த்தது எதை?’ எழுதிவிட்டு உடனே நிமிர்ந்து பார்த்தேன், யாரோ எட்டிப் படித்ததுபோல. மேலே கொக்கிகள்தாம்.

மதியம் லோமன் அம்மையார் தன் சாப்பாட்டைப் பிரித்தார். பிளந்த ரொட்டிமேல் பச்சைப் பன்றிக்கறியை அரைத்து வெண்ணெய்போலப் பூசி, மேலே வெங்காயம். வேகவைக்காமல், பச்சையாக! கறிக்கடையிலேயே வளர்ந்த நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“சாப்பிட்டுப் பார்க்கிறீர்களா?”

“என் அப்பாவுக்குத் தெரிந்தால் கடையை மூடிவிடுவார்,” என்றேன். சிரித்தார். பிறகு ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இரண்டு நாளாக அமைதியாக இருக்கிறீர்கள். பெட்டியில் எல்லாம் சரியாக இருக்கிறதா?”

“எல்லாம் சரி,” என்றேன்.

பொய்யை இவ்வளவு சுலபமாக, இவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் சொல்ல நான் படித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாலை திரும்பியபோது யோகா அக்கா வேலைச் சட்டையோடே சோபாவில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பில் வெந்நீர்ப் பை.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. குளிர் வந்தா உள்ளுக்கை இருக்கிறவர் எழும்பிடுவார்.”

“யாருக்கா?”

“என்ர முதுகுக்கை இருக்கிறவர்.” தலையைத் திருப்பிச் சிரித்தார். “ஷெல் துண்டு. எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு. எடுக்க ஏலாதாம், எடுத்தா நடக்க ஏலாமல் போயிடுமாம். வாடகையும் தராமல் இருக்கிறார். விமான நிலையத்திலை மட்டும் ‘நானும் இருக்கிறன்’ எண்டு கத்துவார்.”

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “வலிச்சுதாக்கா அன்னைக்கி?”

“அன்றைக்கு ஒண்டும் தெரியேல்லை. கிணத்தடியிலை வாளியோட நிண்டனான். படத்திலை காட்டுற மாதிரிச் சத்தம் கேட்டுத் திரும்பினனான் எண்டு நினையாதையும். ஒரு சத்தமும் இல்லை. முதல் நான் விழுந்தன். பிறகுதான் சத்தம் வந்தது. ஆர் அடிச்சது, எங்கயிருந்து அடிச்சது, ஒண்டும் தெரியாது. அவைக்கும் என்னைத் தெரியாது.”

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து அணைத்துவிட்டு வந்தேன்.

“போன வருசம் இஞ்ச ஒரு டொக்டர் இன்ன நாள் வா எண்டு டெர்மின் தந்தவர்,” என்று தொடர்ந்தார். “போனா, எட்டுப்பத்துப் பிள்ளையள் வெள்ளைக் கோட்டோட நிக்கினம். படிக்கிறவையாம். என்ர எக்ஸ்ரேயை வெளிச்சத்திலை போட்டிட்டு, அதைச் சுத்தி நிண்டு கதை கதை எண்டு கதைச்சினம். ஒரு பெட்டை அடிமட்டம் வச்சு அளந்தும் பாத்தது. நான் பின்னாலை கதிரையிலை. ஒருத்தர் திரும்பவேணுமே? ஒரு வணக்கம் இல்லை.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“என்னத்தைச் சொல்லுறது? வடிவான படம். நானும் எட்டிப் பாத்தனான்.” வெந்நீர்ப் பையைச் சற்று நகர்த்தினார். “அடுத்த டெர்மினுக்குப் போகேல்லை. அவ்வளவுதான். நீர் ஏன் பிள்ளை அழுறீர்? நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்.”

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு லோமன் அம்மையார் காரை வாசலில் நிறுத்தித் தயாராக இருந்தார். முனைக்கென்று நுரை வெட்டிய பெட்டி பின் இருக்கையில் கட்டப்பட்டிருந்தது. ஒரு குழந்தையை உட்காரவைத்ததுபோல அதற்கும் பட்டை மாட்டியிருந்தார்.

“ஏறுங்கள். போக்குவரத்து அதிகமாகும்.”

“அது கரிபூ இல்லை,” என்றேன். “மனிதர்.”

அவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, பின்கதவைத் திறந்து, பட்டையைக் கழற்றி, பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

மேசை விளக்கின் கீழ் அவரும் நானும் பார்த்தோம். அவர் ஒரு பழைய எலும்பியல் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார். நான் ஓரத்தைக் காட்டினேன், பாரம் இறங்கும் விதத்தைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஆய்வுக்கூடத்தை அழைத்து, இன்று வரவில்லை என்றார். “இல்லை, தள்ளிவைக்கவில்லை. ரத்து,” என்று இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. நூற்றுச் சொச்சம் வருடப் பழைய சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனி உறையில் போட்டார். பிறகு ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார்.

“இதை நீங்கள்தான் நிரப்பவேண்டும். கண்டது நீங்கள். எழுதும்முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கண்டறிவதற்கு முன் எடுத்த அளவுகள், படங்கள் உங்களுடையவை. அதற்குப் பின் எடுத்தவை அழிக்கப்படும். அவர்கள் அனுமதி தரும்வரை கண்டதை வைத்து எதுவும் எழுதக்கூடாது.”

“தராவிட்டால்?”

“தராவிட்டால் இல்லை.”

மூன்றாவது வரி: கண்டறிந்த நாள், நேரம். அங்கே ‘இன்று’ என்று எழுதினால் மரநாரின் படங்கள் அத்தனையும் எனக்கு. மெல்லிய தண்டு, அம்பு, சாம்பலுக்கு முந்தியது. அந்த அளவுக்காவது ஓர் அத்தியாயம் நிற்கும். யாருக்கும் தெரியாது. கிடங்கில் எங்கோ உள்ளே ஒரு விளக்கு எரிந்து அணைந்தது. ‘செவ்வாய், 11.30’ என்று எழுதினேன்.

லோமன் அம்மையார் தலைகீழாகவே அதைப் படித்தார்.

“செவ்வாய்,” என்றார்.

“செவ்வாய்.”

“நேற்று நான் உங்களிடம் கேட்டேன்.”

“கேட்டீர்கள்.”

அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கணினியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். செவ்வாய் பதினொன்றரைக்குப் பிந்திய படங்களை நானே ஒவ்வொரு கோப்பாக அழித்தேன். அந்த முனையில் எனக்கு மிஞ்சியது திங்கட்கிழமை அளந்த கழுத்தின் அகலம், இரண்டு கோடு போட்ட ஒரே ஓர் எண்.

படிவத்தின் கடைசி வரி, இறப்புக்குக் காரணம் இந்தக் காயமா என்று கேட்டது. “தெரிந்தால் எழுதுங்கள். கண்ணால் மட்டும், தொடாமல்,” என்றார். லென்ஸை எடுத்துக் குனிந்தேன். இந்த முறை கல்லைப் பார்க்கவில்லை. கல்லைச் சுற்றி எலும்பின் விளிம்பு வெட்டுப்பட்டதுபோல் கூராக இல்லை. உருண்டு, தடித்து, ஈரமண்ணில் ஊன்றிய குச்சியைச் சுற்றி மண் ஏறியதுபோலக் கல்லின்மேல் கொஞ்சம் ஏறி வந்திருந்தது. செத்த எலும்பு அப்படி வளராது. மாதக்கணக்கில், ஒருவேளை வருடக்கணக்கில், உயிரோடு வளர்ந்திருக்கிறது. அந்தக் குளிரில், அந்தப் பனியில், முதுகுக்குள் இதை வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்திருக்கிறார், தண்ணீர் எடுத்திருக்கிறார், நடந்திருக்கிறார்.

‘இல்லை,’ என்று எழுதினேன். ‘இதன் பிறகும் வாழ்ந்தார்.’ ‘வாழ்ந்தது’ என்றுதான் முதலில் எழுதப்போனேன்.

லோமன் அம்மையார் படித்துவிட்டு, முதல்முறையாக என் தோளைத் தொட்டார். “பெட்டியை நீங்களே கொண்டுவாருங்கள்,” என்றார்.

கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை. மற்ற கதவுகளில் எண்கள் இருந்தன. இதில் எதுவும் இல்லை. மனிதர்களை அங்கேதான் வைக்கிறார்களாம், அவர்கள் ஊருக்குத் திரும்பும்வரை. அவர் சாவியை நுழைத்தார். திருப்பவில்லை. முதலில் கதவைத் தட்டினார், இரண்டு முறை, மெதுவாக.

“உள்ளே யாராவது வேலை செய்கிறார்களா?” என்று கேட்டேன்.

“இல்லை. நான் வந்த நாளிலிருந்து தட்டுகிறேன். புதியவர்கள் சிரிப்பார்கள்.” என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். “இவரைக் கொண்டுவந்தவர் நீங்கள். நீங்களும் தட்டுங்கள்.”

பெட்டியை மார்போடு சேர்த்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, விரல் மடக்கித் தட்டினேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அவர் சாவியில் கை வைத்தபடியே நின்றார்.

“எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்?”

“ஒருவர் எழுந்து வர ஆகும் நேரம்,” என்றார்.

இருவரும் நின்றோம்.